பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு அந்தப் பொறுப்பில் ஊக்கம் தருவது எது?

பதினோரு ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தன் கை நேரடியாகப் படாத வகுப்பறையிலும் தன் உழைப்பு பலிக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சம்பள உயர்வு தந்த சந்தோஷம் சில மாதங்களில் பழகிப்போனது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959லேயே இதைச் சொல்லிவிட்டார். சம்பளமும் பணிச்சூழலும் சரியில்லை என்றால் மனம் கசக்கும். அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதித்தோம் என்ற நிறைவும் வேலையின் தன்மையும்தான் அதைத் தரும் என்றார்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு ஆசிரியை வந்தார். பாடம் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் வகுப்பில் ஒரே இரைச்சல். இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். குறிப்பேடு எதுவும் கொண்டுபோகவில்லை. கையில் நோட்டைப் பார்த்தாலே புதியவர்களுக்குப் பயம் வந்துவிடும். பாடம் முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுவோம். கரும்பலகை பக்கம் திரும்பி நின்று நீளமாக எழுதும்போதுதான் வகுப்பு கைவிட்டுப் போகிறது என்று அவரே கண்டுபிடித்தார். அரையாண்டுக்குப் பிறகு ஒருநாள் அந்த வராந்தாவில் நடந்துபோனேன். ஒரு பையன் பலகையில் பின்னக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கிறான். மற்ற பிள்ளைகள் அவனை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியை ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே போகவில்லை. அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

கல்வி ஆய்வாளர் கென்னத் லீத்வுட் குழுவினரின் 2004 ஆய்வறிக்கையும் இதையேதான் சொல்கிறது. மாணவர் கற்றலைப் பாதிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு. அதன் பலனும் பெரும்பாலும் ஆசிரியர்கள் வழியாகத்தான் பிள்ளைகளைப் போய்ச் சேர்கிறது.

சரி, ஊக்கம் எங்கே வடிகிறது? ஒரே தகவலை மூன்று படிவங்களில் கேட்கும்போது. முடிவெடுக்க உரிமை தராமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டும்போது. முதல் பாடவேளையை வாசிப்புக்கு ஒதுக்க ஒருமுறை அனுமதி கேட்டேன். காரணமே சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். அது பல நாள் உறுத்தியது.

அப்புறம் நானே ஒரு வழி செய்துகொண்டேன். காலையில் ஒரு மணி நேரம் வகுப்புகளுக்கு மட்டும். அப்போது கோப்பு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவைத்தேன். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத வாரங்களில்தான் இந்தப் பொறுப்பை விட்டுவிடலாமா என்று தோன்றியது.