தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்?

கேள்வி: அம்மாவைப் பெற்ற தாத்தா 1943-இல் தோட்டத்திலிருந்து நேதாஜி பட்டாளத்துக்குப் போய், சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா எல்லாம் பார்த்துவிட்டு 1946-இல் திரும்பினார் என்று பாட்டி சொல்வார். காக்கி உடுப்பில் ஒரு படமும், 2604 என்று போட்ட இந்தியச் சுதந்திர லீக் ரசீது ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. அவருடைய ராணுவப் பதிவை எங்கே தேடுவது? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: முதலில் அந்த ரசீது. 2604 ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1944. ஆனால் லீக் என்பது பட்டாளத்துக்கு ஆதரவு திரட்டிய பொது அமைப்பு. அதன் ரசீது நன்கொடைக்குத்தான் சாட்சி, பட்டாளத்துக்கு அல்ல. யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயர் என்றால் அந்த மாதம் அவர் தோட்டத்திலேயே இருந்திருக்கலாம். பாட்டி பெயர் என்றால் அவர் சொல்லும் கதைக்குப் பலம் கூடுகிறது.

அடுத்து, சயாம். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பிறகு பர்மா போர்முனைக்குப் போன ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம், அதாவது நேதாஜி பட்டாளம்) வீரர்களும் அதே தண்டவாளத்தில்தான் போனார்கள். அதனால் 'சயாம் போனார்' என்பது மட்டும் எதையும் தீர்மானிக்காது. தண்டவாளத்துக்குக் கட்டை போட்டாரா, ரயிலில் ஏறிப் போனாரா என்று பாட்டியிடம் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவது சகஜம்.

ஐ.என்.ஏ.விலும் இரண்டு வகை உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஒரு வகை. அவர்களுக்குப் பழைய ராணுவ எண் உண்டு, பிரிட்டிஷார் பின்னால் நடத்திய விசாரணைத் தாள்களும் உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி வந்தபின் தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. பாட்டி சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் தாத்தா இதில்தான் வருவார். இவர்களில் பலருக்குத் தனிக் கோப்பே கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அதனால் சுற்றி வளைத்துத்தான் தேட வேண்டும். போருக்குப் பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பங்காளிகளோ கூட்டாளிகளோ உண்டா? இந்தியாவில் தியாகி பென்ஷன் கேட்டவர்கள் சிறையிலிருந்ததற்குச் சான்றாகச் சக கைதிகளின் சான்றிதழ்களை இணைத்தார்கள். தாத்தாவின் பெயர் இன்னொருவர் கோப்பில் கிடப்பது இப்படித்தான்.

டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளைத் தேடலாம். 2016 முதல் வெளியான நேதாஜி ரகசியக் கோப்புகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவை பெரும்பாலும் அவருடைய மரணச் சர்ச்சையைப் பற்றியவை. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ.காரர்களின் குரல் பதிவுகள் இருக்கின்றன. தாத்தா பெயர் வராவிட்டாலும் முகாம் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவில் (மலேசிய தேசிய ஆவணக் காப்பகம்) தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆள் பெயரை வைத்து அல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறைப் பட்டியல் உங்களுக்குப் பயன்படாது. தாத்தாதான் உயிரோடு திரும்பிவிட்டாரே.

காக்கி உடுப்பை மட்டும் வைத்து எந்தப் படை என்று சொல்ல முடியாது. படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். படச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம்.

பெயர் எழுத்துக்கும் தயாராக இருங்கள். முத்துசாமி என்ற ஒரே பெயரைக் கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்) நாலு விதமாக எழுதியிருப்பார்கள். 1948-இல் வந்த அடையாளக் கார்டில் உள்ள எழுத்து, அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்து, தாத்தாவின் அப்பா பெயர், மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்திலும் தேடுங்கள்.