தெர்மாக்கோல் சுவரில் கடை போர்டு மாட்டுவது எப்படி?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரிப் மாலில் பலகாரக் கடை திறக்கிறோம். வாசலுக்கு மேலே 4 அடிக்கு 2 அடி அலுமினிய போர்டு மாட்ட வேண்டும், லைட் கிடையாது. சுவரைத் தட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் சத்தம் வருகிறது. பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூவை முறுக்கினால் பிடிக்கவில்லை, சுவர்தான் உள்ளே அமுங்கியது. கட்டட உரிமையாளர் கறாரானவர். சுவரைக் கெடுக்காமல் மாட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த ஸ்க்ரூவை மேலும் முறுக்குவதை நிறுத்துங்கள்.

உங்கள் சுவர் சிமென்ட் பூச்சு மாதிரி தெரியும், ஆனால் அது தெர்மாக்கோல். 'ஈஃபிஸ்' (EIFS) என்று அங்கே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் உருவாகி, 1969-இல் அமெரிக்காவுக்கு வந்த முறை. வெளியே மெல்லிய அக்ரிலிக் பூச்சு, அதற்குக் கீழே ஃபைபர்கிளாஸ் வலை பதித்த இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு அடிப்பூச்சு, அதற்குப் பின்னால் ஒன்று முதல் நான்கு அங்குலம் வரை தெர்மாக்கோல், அப்புறம்தான் ஜிப்சம் போர்டோ பிளைவுட்டோ கான்கிரீட் பிளாக்கோ வரும். சந்தேகம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஸ்டக்கோ எனப்படும் அசல் சிமென்ட் பூச்சு என்றால் உள்ளே இரும்பு வலை இருக்கும், அங்கங்கே லேசாக இழுக்கும். ஈஃபிஸில் இழுக்காது.

போர்டு லேசானதுதானே, நல்ல இரட்டைப் பக்க டேப் போதாதா என்று கேட்பீர்கள். அலுமினிய காம்போசிட் போர்டு என்றால் உங்கள் அளவுக்கு மூன்று கிலோதான் வரும், சரி. ஆனால் கணக்கில் எடுக்க வேண்டியது காற்றை. மணிக்கு 90 மைல் வேகத்தில் அடிக்கும் காற்று சதுர அடிக்கு ஏறத்தாழ 20 பவுண்டு அழுத்தம் தரும், உங்கள் போர்டு 8 சதுர அடி, ஆக 160 பவுண்டு, அதாவது எழுபது கிலோவுக்கு மேல், அதுவும் தள்ளுவது மட்டுமில்லை, பிடுங்கவும் செய்யும். டெக்சாஸ் இடிமழையில் இதெல்லாம் நடக்காத கதை இல்லை. டேப் பூச்சில் ஒட்டியிருக்கும், பூச்சு தெர்மாக்கோலில் ஒட்டியிருக்கும், போர்டு போகும்போது பூச்சையும் உரித்துக்கொண்டு போகும். தெர்மாக்கோலுக்கென்றே திருகுபோல இறங்கும் பெரிய பிளாஸ்டிக் பிளக் விற்கிறார்கள், வீட்டு நம்பர் பலகைக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

ஆகவே பாரம் முழுவதும் தெர்மாக்கோலைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சட்டத்துக்குப் போக வேண்டும். அதே சமயம் ஸ்க்ரூவை இறுக்கும்போது தெர்மாக்கோல் நசுங்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது ஸ்லீவ், அதாவது ஒரு சின்னக் குழாய்த் துண்டு. அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அரை அங்குல விட்டம். அதன் நீளம்தான் முக்கியம்: தெர்மாக்கோலின் கனம், பூச்சின் கனம், அதோடு மூன்று மில்லிமீட்டர் கூடுதல். ஒரு முனை தெர்மாக்கோலுக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான பரப்பில் முட்டி நிற்கும், மறுமுனை சுவரைவிட்டுக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும், ஸ்க்ரூ நடுவே போகும். எவ்வளவு இறுக்கினாலும் குழாய்தான் தாங்கும், பூச்சின் மேல் அழுத்தம் விழாது. அந்த மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் போர்டுக்குப் பின்னால் போகும் மழைத் தண்ணீர் கீழே வடிந்துவிடும்.

கனத்தைத் தெரிந்துகொள்ள, நீங்கள் ஏற்கெனவே போட்ட ஓட்டையிலேயே மெல்லிய கம்பியை விட்டு முட்டும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். அதற்காகப் புதிதாக ஓட்டை போடாதீர்கள். ஸ்டட், அதாவது சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மர அல்லது இரும்புச் சட்டம், எங்கே என்பதுதான் அடுத்த தொல்லை, இவ்வளவு கனத்துக்கு வெளியிலிருந்து அதைக் கண்டுபிடிக்கும் ஸ்டட் ஃபைண்டர் கருவியை நம்ப முடியாது. கடைக்குள் ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்டட் கண்ணுக்கே தெரியும். கதவின் ஓரத்திலிருந்து அளந்து அதே அளவை வெளியே குறியுங்கள். 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் என்றால் நான்கு அடி போர்டுக்குள் குறைந்தது இரண்டு கட்டாயம் சிக்கும். போர்டின் ஓட்டைகளோடு அது ஒத்துவரவில்லை என்றால், ஸ்டட்களில் ஒரு அலுமினியப் பட்டையைக் குறுக்கே பூட்டி, போர்டைப் பட்டையில் மாட்டுங்கள்.

துளை போடும்போது டிரில்லில் ஹேமர் வேண்டவே வேண்டாம், பூச்சு விரிசல் விடும். ஸ்லீவ் இறுக்கமாக நுழையும் அளவில் தெர்மாக்கோல் வரை மட்டும் பெரிய துளை, அதற்குப் பிறகு ஸ்க்ரூவுக்கு ஏற்ற சின்னத் துளை. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மரச் சட்டம் என்றால் மரத்துக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். இரும்பு ஸ்டட் என்றால் அதற்கான செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, பிளாக் சுவர் என்றால் பிளாக்குக்குரிய ஆங்கர்.

இனி தண்ணீர். இந்தச் சுவரின் பெரிய எதிரி அதுதான். 1990-களில் நார்த் கரோலினாவின் வில்மிங்டனில் ஈஃபிஸ் போட்ட வீடுகளில், ஜன்னல் ஓரங்களிலும் இணைப்புகளிலும் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே இருந்த மரம் உளுத்துப்போய் வழக்கு வரை போனது. அதன் பிறகு தண்ணீர் வடியும் அடுக்கோடு கட்டத் தொடங்கினார்கள், ஆனாலும் நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல்தான். ஸ்லீவின் உள்முனையில் சிலிக்கான் சீலன்ட் தடவி உள்ளே நுழைத்துவிடுங்கள், வெளியே ஸ்லீவைச் சுற்றியும் முழுதாக அடையுங்கள். நியூட்ரல் க்யூர் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்த கட்டுமானப் பசையைப் போட்டால், அதில் சால்வென்ட் (கரைப்பான்) இருந்தால் தெர்மாக்கோல் கரைந்து உள்ளே பள்ளமாகிவிடும். போர்டைச் சுற்றி மட்டும் அடைக்காதீர்கள், பலர் சுத்தமாக இருக்கும் என்று நாலு பக்கமும் அடைத்துத் தண்ணீரை உள்ளே சிறை வைக்கிறார்கள்.

அமுங்கிய பழைய இடத்தை, போர்டு மறைத்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. வலை கிழியாத சின்ன ஓட்டை என்றால் அதே சிலிக்கான் போதும். வலை கிழிந்திருந்தால் சேதமான தெர்மாக்கோலை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து, பழைய வலையின் மேல் இரண்டரை அங்குலம் ஏறும்படி புது வலை பதித்துப் பூச வேண்டும். அது ஈஃபிஸ் தெரிந்தவரின் வேலை.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் போர்டு பற்றிய பகுதியைப் படியுங்கள், உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், நகராட்சியில் சைன் பெர்மிட் தேவையா என்று விசாரியுங்கள். காப்பீடு உள்ள சைன் கம்பெனிதான் மாட்ட வேண்டும் என்று பல மால்களில் விதியே இருக்கும். என்னைக் கேட்டால், வாசலுக்கு மேல் ஏணி போட்டுச் செய்யும் வேலை என்பதால் விதி இல்லாவிட்டாலும் அவர்களிடம் கொடுப்பதே நல்லது. வருபவரிடம் தெர்மாக்கோல் நசுங்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஸ்லீவ் என்றோ ஸ்பேசர் என்றோ பதில் வந்தால் வேலையைக் கொடுக்கலாம், நீள ஸ்க்ரூவாகப் போட்டுவிடுவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.