அம்மை வந்து தேறிய நாட்டுக்கோழி மெலிந்துவிட்டது, தீனி எடுக்க மாட்டேன் என்கிறது. எப்படிச் சாப்பிட வைப்பது?

தீனியை மாற்றிப் பார்க்கும் முன் அதன் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். கொண்டையில் இருந்த கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகும் நாக்கடியிலோ தொண்டையிலோ மஞ்சள் படலம் ஒட்டியிருக்கலாம். அப்படியிருந்தால் பசித்தாலும் விழுங்க முடியாது. ஒரு மணியைக் கொத்தி எடுத்து, தலையை உதறிக் கீழே போட்டுவிடும். நகத்தால் பிய்க்காதீர்கள், ரத்தம் கசியும். இமை ஒட்டியிருந்தால் தீனியே கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து இரைப்பை. கழுத்து மார்போடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படும். விடிந்ததும், தீனி வைக்கும் முன், அது காலியாக இருக்க வேண்டும். கெட்டியாக உருண்டு நின்றாலோ, தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தாலோ மேற்கொண்டு எதையும் ஊட்டாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இவை சரியாக இருந்தால் முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் கோழிக்குச் செரிமானம் மந்தமாகத்தான் இருக்கும். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு எட்டாத உயரத்தில் எரியட்டும். சூடு அதிகமானால் தானே விலகி உட்காரும். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலந்து முதல் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

தீனிக்கு, குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனம்தான் என் முதல் தேர்வு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டையிடாமல் கிடக்கும் கோழிக்கு அது தேவையில்லை. வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அவித்த மஞ்சள் கருவை உதிர்த்துச் சேர்த்து, வெதுவெதுப்பாக வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம்மூர் வெயிலுக்குப் புளித்துவிடும். சும்மா வைத்துவிட்டுப் போனால் சில கோழி திரும்பியும் பார்க்காது. விரல் நுனியால் தட்டில் டொக் டொக்கென்று தட்டுங்கள். தாய்க்கோழி குஞ்சைக் கூப்பிடுவதும் இப்படிக் கொத்திக் காட்டித்தான். மேலே நாலு கறையான் போட்டால் இன்னும் நல்லது, அசைவதைக் கண்டால் கொத்தாமல் இருக்காது. வலைக்கு அந்தப்பக்கம் சாதுவான ஒரு கோழி மேய்ந்தால் போட்டிக்காவது வாய் வைக்கும். இருட்டில் கோழி சாப்பிடாது என்பதால் அடையும் நேரத்துக்கு முன் ஒருதரம் கட்டாயம் வையுங்கள்.

பலரும் முதலிலேயே சிரிஞ்சைத் தூக்குகிறார்கள். அது கடைசி வழி. ஒருநாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மட்டும், வடிகட்டிய அதே கூழை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. நாக்குக்குப் பின்னால் தெரியும் சிறு பிளவுதான் மூச்சுக்குழாய் வாய். அதில் இறங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். வாயைப் பிளந்து நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கம் இதனால்தான் ஆபத்து. ஒரு கிலோ கோழிக்கு ஒரு வேளைக்கு 10 மில்லியில் தொடங்கி, இரைப்பை இறங்குவதைப் பார்த்து 20 வரை போகலாம். நாளைக்கு நாலு வேளை. மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது, சூடான கூழ் இரைப்பையைப் புண்ணாக்கும்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். கண்மதிப்பை நம்ப வேண்டாம், இறகு ஏமாற்றும். தீனி இறங்காத கோழி பச்சையாக, நீர்த்து, கொஞ்சமாகக் கழியும். இறங்க ஆரம்பித்தால் எச்சம் பழுப்பாகத் திரண்டு, மேலே வெள்ளை படிந்திருக்கும். ஊட்டியும் இரண்டு நாள் எடை இறங்கினாலோ, எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது அன்றைய எச்சத்தையும் ஒரு காகிதத்தில் எடுத்துப்போனால் குடற்புழு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.