கடைக்காரர் பதில்கள்: சிலிக்கான் ஏன் துடிப்பதில்லை?

கேள்வி: குவார்ட்ஸிலும் சிலிக்கான், சிப்பிலும் சிலிக்கான். பிறகு ஏன் நேரத் துடிப்புக்காகச் சிப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கிரிஸ்டல்? சிலிக்கானையே அதிர வைத்தால் என்ன?
— ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: மணலைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். இல்மனைட்டையும் மோனசைட்டையும் பிரித்த பிறகு உங்கள் ஊரில் மிஞ்சும் வெள்ளை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். ஆனால் அது ஆக்சிஜனோடு சேர்ந்த சிலிக்கான். சிப்பில் இருப்பது தனிச் சிலிக்கான். குணம் வேறு.

வடசேரியில் கடிகாரம் பழுது பார்த்த நாளில், சுவரிலிருந்து விழுந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். புது பேட்டரி போட்டும் முள் அசையவில்லை. உள்ளே அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளி நிறக் குழல் ஒன்று இருக்கும், அதுதான் கிரிஸ்டல். அதை மாற்றினேன், ஓடியது. அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் கவை நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு.

குவார்ட்ஸில் அணு அடுக்கு சமச்சீராக இல்லை. மின்சாரத்தை ஒரு திசையில் கொடுத்தால் நீளும், திருப்பிக் கொடுத்தால் சுருங்கும். இதுதான் பீசோ விளைவு, 1881-இல் கியூரி சகோதரர்கள் சோதித்துக் காட்டியது. குறைக்கடத்திகளில் காலியம் ஆர்சனைடுக்கும் இது உண்டு. சிலிக்கானுக்குக் கிடையாது, அதன் அடுக்கு அவ்வளவு சமச்சீர்.

சிலிக்கானிடம் இருப்பது, மின்புலம் பட்டால் உருமாறும் குணமான எலக்ட்ரோஸ்டிரிக்‌ஷன் மட்டும், அதுவும் மிகச் சொற்பம். குளச்சலில் கரைமடி வலையின் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் நின்று இழுத்தாலும் கயிறு விறைக்கத்தான் செய்யும். இதுவும் அப்படித்தான்: மின்புலம் எந்தத் திசையில் இருந்தாலும் உருமாற்றம் ஒரே பக்கம்தான், புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி. அதனால் மாறுமின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு விழும், அதிர்வெண் இரட்டிக்கும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கயிற்றை முதலிலேயே விறைப்பாகக் கட்டிவிட்டு, அப்புறம் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் சுற்றுக்கு ஒரு துடிப்புதான். அந்தக் கட்டு, நிலையான ஒரு டிசி மின்னழுத்தம். இன்று வரும் பல சிலிக்கான் அலைவிகளிலும் (கிரிஸ்டலுக்குப் பதில் துடிப்பு தருபவை) இதே டிசி உண்டு. ஆனால் அங்கே துடிக்க வைப்பது எலக்ட்ரோஸ்டிரிக்‌ஷன் அல்ல, நூலிழை இடைவெளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மின்வாயின் இழுப்பு.

சிக்கல் வெப்பத்தில். 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் கடிகாரக் குவார்ட்ஸ் நாளுக்குச் சுமார் 0.3 நொடி பின்தங்கும். வெறும் சிலிக்கான் 25 நொடிக்கு மேல். அதனால்தான் அதன் பக்கத்திலேயே வெப்பநிலையை அளந்து திருத்தும் சுற்று ஒன்றையும் வைக்கிறார்கள். சிலிக்கான் அலைவி கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. பழுதாகி ஒன்றுகூட இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. வந்தாலும் மாற்றிப் போட என்னிடம் உதிரி கிடையாது.