கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த ஒருவர் உதைபந்தாட்டத்தை விளங்கிப் பார்க்க எந்த விதிகளை முதலில் அறிய வேண்டும்?

உதைபந்தாட்டத்துக்கு மொத்தம் 17 விதிகளே உள்ளன. ஓர் அணிக்கு 11 பேர், 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், தன் கோலுக்கு முன்னே கோடிட்ட பெனால்டி எல்லைக்குள் நிற்கும் கோல்காப்பாளரைத் தவிர வேறு எவரும் ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையால் ஆடக்கூடாது என்பவற்றை ஒரு போட்டியைப் பார்த்தாலே பிடித்துக்கொள்ளலாம். நம்மைப் போலக் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்களைத் தடுமாற வைப்பவை இரண்டுதான். ஒன்று கோடு, மற்றது ஓஃப்சைட். ஆகவே என் பதிலின் பெரும்பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டாலே நான்கு ஓட்டங்கள். ரன் அவுட்டின்போது துடுப்பு கோட்டின் மேல் மட்டும் இருந்தால் ஆட்டமிழப்பு. அந்தப் பழக்கத்தோடு உதைபந்தாட்டத்தைப் பார்ப்பவர், பந்து கோட்டில் பட்டதுமே வெளியே போய்விட்டது என்று நினைப்பார். இங்கே கோடும் மைதானத்தைச் சேர்ந்தது. தரையில் உருண்டாலும் காற்றில் பறந்தாலும், பந்து முழுவதும் கோட்டின் முழு அகலத்தையும் தாண்டினால்தான் அது வெளியே. கோலுக்கும் அதே அளவுகோல்தான். 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் போட்ட இரண்டாவது கோலை நான் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். ஜப்பான் வீரர் மிட்டோமா பந்தைத் திருப்பி அனுப்பியபோது அது கோட்டைக் கடந்துவிட்டதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு அப்பால் இருந்தபோதிலும், பந்தின் வளைந்த ஓரம் மேலிருந்து பார்க்கையில் இன்னும் கோட்டின் மேலேயே இருந்தது. காணொளி உதவியுடன் பரிசீலித்து அந்தக் கோல் வழங்கப்பட்டது. ஜப்பான் 2–1 என வென்றது. அந்தப் போட்டி சமநிலையில் முடிந்திருந்தால் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கக்கூடிய, அதே குழுவில் இருந்த ஜேர்மனி வெளியேறியது.

இனி ஓஃப்சைட். எதிரணியின் கோல் வாசலருகே ஒருவரை நிரந்தரமாக நிறுத்திவைத்து, அவருக்கு நீளமாகப் பந்தை அடித்து அனுப்புவதைத் தடுப்பதே இதன் பயன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இதை அக்காவின் மகளுக்கு விளக்கினேன். மேசையின் விளிம்பைக் கோல் கோடாக வைத்துக்கொண்டு, கோல்காப்பாளராகச் சீனிப் பேணியையும், வீரர்களாகச் சோடாப் போத்தல் மூடிகளையும், பந்தாக ஒரு கடலையையும் வைத்தேன். தாக்கும் அணியின் மூடி எதிரணியின் பாதிக்குள் இருந்து, பந்தைவிடவும், எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்பவரைவிடவும் கோல் கோட்டுக்குக் கிட்ட நின்றால், அது ஓஃப்சைட் நிலை. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்காப்பாளர் என்பதால், நடைமுறையில் கடைசிப் பின்கள வீரரைத் தாண்டி நிற்கிறாரா என்று பார்த்தால் போதும். சமமாக நின்றால் குற்றமில்லை. கையும் புயமும் கணக்கில் வராது.

கடலையை முன்னே தள்ளிவிட்டு, தாக்கும் மூடியையும் பின்கள வீரருக்கு அப்பால் நகர்த்தினேன். அவள் உடனே கேட்டாள், “மாமா, பந்து வந்து சேரேக்க அவர் முன்னுக்குத்தானே நிக்கிறார், அப்ப ஓஃப்சைட்தானே?” புதிதாகப் பார்க்கும் எல்லோரும் தவறும் இடம் இதுதான். பந்து வந்து சேரும் கணம் இதற்குப் பொருட்டே இல்லை. சக வீரர் பந்தை ஆடும் கணத்தில் அவர் எங்கே நின்றார் என்பதே கேள்வி. அந்தக் கணத்தில் சமமாக நின்று, பிறகு எவ்வளவு வேகமாக ஓடி முன்னே போனாலும் அது நல்ல ஆட்டமே. அத்துடன், அந்த நிலையில் சும்மா நிற்பது மட்டும் குற்றமாகாது. பந்தை ஆடினாலோ எதிரணியினருக்கு இடையூறு செய்தாலோதான் கோட்டோரம் ஓடும் லைன்ஸ்மனின் கொடி உயரும். பந்து வெளியே போனபின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கோல் கிக், கோர்னர் கிக், த்ரோ இன் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்தைப் பெறுபவருக்கும் ஓஃப்சைட் கிடையாது.

இந்த விதியை ஓர் அணி ஆயுதமாகவே பயன்படுத்தலாம் என்பதற்கு, அதே உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2–1 என வென்ற போட்டியைப் பாருங்கள். சவூதியின் பின்கள வீரர்கள் துணிந்து மைதானத்தின் நடுப்பகுதி வரை முன்னேறி ஒரே வரிசையில் நின்றார்கள். முதல் பாதியிலேயே ஆர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஓஃப்சைட் என நிராகரிக்கப்பட்டன. விதி தெரியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் விசில் சத்தம். தெரிந்தவருக்கு அந்த வரிசை அசைவதே பெரிய விருந்து.

உங்களுக்கு நான் மனமார்ந்து சொல்லும் வழி ஒன்று உண்டு. தொலைக்காட்சியை விட்டுவிட்டு, கொழும்பில் கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்திலோ ரேஸ்கோர்ஸ் அரங்கிலோ ஒரு போட்டிக்குப் போங்கள். பெனால்டி எல்லைக்கு நேராகப் பக்கவாட்டில் இருந்து, பத்து நிமிடங்களுக்குப் பந்தை மறந்து, கொடியோடு ஓடும் லைன்ஸ்மனை மட்டும் பாருங்கள். கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் வீரருக்கோ, அவரையும் தாண்டிப் பந்து போயிருந்தால் பந்துக்கோ நேராகவே அவர் எப்போதும் நிற்பார். அவர் நிற்கும் இடம்தான் ஓஃப்சைட் கோடு. தொலைக்காட்சிக் கமரா பந்தின் பின்னாலேயே போவதால் இது வீட்டில் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

மற்றவற்றுக்கு மத்தியஸ்தரின் கையைக் கவனித்தால் போதும். அவர் கையை நேராக மேலே தூக்கி வைத்திருந்தால், குற்றத்துக்காக எதிரணிக்குக் கொடுக்கப்படும் அந்த ப்ரீ கிக்கிலிருந்து நேரடியாகக் கோல் போட முடியாது. இன்னொருவரையும் பந்து தொட வேண்டும். குற்றம் நடந்தும் விசில் ஊதாமல் கையை முன்னே நீட்டினால், பாதிக்கப்பட்ட அணிக்கே ஆட்டம் சாதகமாக இருப்பதால் தொடர விடுகிறார் என்று பொருள். நேரடியாகக் கோல் போடக்கூடிய ப்ரீ கிக்குக்குரிய குற்றத்தைப் பின்களத்தவர் தம் பெனால்டி எல்லைக்குள் செய்தால், 11 மீற்றர் தூரத்திலிருந்து கோல்காப்பாளரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி. அந்த எல்லையின் கோடும் எல்லைக்குள்ளேயே சேரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை பெற்றவர் சிவப்பு அட்டையோடு வெளியேறுவார், அவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்க முடியாது. 2025 இல் வந்த மாற்றத்தின்படி, கோல்காப்பாளர் பந்தைக் கையில் எட்டு விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்னர் கிக் கிடைக்கும். கடைசி ஐந்து விநாடிகளை மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார்.