எல்லாரையும் இறக்கிவிட்டவன்

கேள்வி (சுருக்கம்): எனக்கு 35 வயது. மார்த்தாண்டம் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தம்பி மூன்று வருடமாகச் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறான். இன்னும் ஊருக்கு வரவில்லை. ‘ஃபயர்ஃப்ளை’ என்ற விண்வெளித் தொடரை வெள்ளிக்கிழமைதோறும் இரவு 9 மணிக்கு, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒன்று ரெண்டு மூன்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். 14 வாரத்தில் 14 எபிசோடும் முடிந்தது. அடுத்த வாரம் அதன் தொடர்ச்சியாக வந்த ‘செரினிட்டி’ படம். அதில் பைலட் வாஷைக் கொன்றுவிடுகிறார்கள். தொடரையே கெடுத்த படம், வராமலே இருந்திருந்தால் எல்லாரும் உயிரோடு இருந்திருப்பார்கள் என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாரையும் பத்திரமா எறக்கிட்டாம்லா அண்ணா, அது போதும்லா” என்றான். குரல் வேறு அடைத்திருந்தது. ஒரு சினிமாவுக்கு அழுவியாலே என்று சிரித்தேன். ரியாத்துக்கு லோடு இருக்கிறது என்று வைத்துவிட்டான். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? மூத்தவன் நான் இறங்கிப் போக வேண்டுமா?

பதில்: அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கும் கடிதம் வராத மாதமே இல்லை. ஒரு வீட்டில் வரப்பு, ஒரு வீட்டில் அம்மாவின் நகை, இன்னொரு வீட்டில் மதினி சொன்ன ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒரு படம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியது ஏழு பக்கம். ஆறு பக்கம் அந்தப் படத்தின் தவறுகள். தம்பி சொன்னதாக இருப்பது ஒரே ஒரு வரி. அதையும் அவனுக்கு ரசனை இல்லை என்பதற்குச் சாட்சியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

“எல்லாரையும் பத்திரமா எறக்கிட்டாம்லா அண்ணா, அது போதும்லா.”

இதைச் சொன்னது யார்? தம்மாமிலிருந்து ரியாத் சுமார் 400 கிலோமீட்டர். பாலைவனத்துக்கு நடுவே போகிற ரோடு. அதில் இரவில் தனியாக டிரெய்லர் ஓட்டுகிற ஒருவன் சொன்னது. அவன் படத்துக்கு மார்க் போட்டதாக நினைத்துக்கொண்டு பதிலுக்கு வாதாடியிருக்கிறீர்களே, கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

பதில் எழுதும் முன் நானும் உட்கார்ந்து பார்த்தேன், 14 எபிசோடும் படமும். வாஷ் எப்படிச் சாகிறான் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? அவன் ஓட்டுகிற விண்கப்பல் அடிபட்டுக் கட்டுப்பாடு இல்லாமல் விழுகிறது. அதை எப்படியோ பிடித்து, தரையில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறான். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அவன் இன்னும் சீட்டை விட்டு எழவில்லை. முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஈட்டி அவன் நெஞ்சில் பாய்கிறது. பெண்டாட்டி ஸோயி பக்கத்தில்தான் நிற்கிறாள். அவளுக்கு அழக்கூட நேரமில்லை. அடுத்த ஈட்டி வருமுன் கேப்டன் அவளை இழுக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு அது கதாசிரியர் செய்த துரோகம். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு அது வேறு. கூட ஓட்டியவன் யாராவது போய்ச் சேர்ந்தானா? இவனே தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி கண்மூடித் திறந்த ராத்திரி ஏதாவது உண்டா? நீங்கள் கேட்கவில்லை. சிரித்தீர்கள். சிரித்த பிறகு அவன் வண்டி எடுக்கப் போனான். அன்றைக்கு அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தானா என்று ஒரு வரி அனுப்பினீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

என் அண்ணன் மஸ்கட்டில் எட்டு வருடம் இருந்தார். வந்த கடிதம் எல்லாவற்றிலும் ‘இங்கே சுகம்’. வலது கையில் இரண்டு விரல் நசுங்கியதை, அவர் ஊருக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நாங்கள் பார்த்தோம். அம்மா அன்றைக்குச் சோறு போட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற ஆண்பிள்ளைகள் கஷ்டத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள். வேறு எதையோ பேசுகிற மாதிரி பேசி அதற்குள் வைத்துவிடுவார்கள். உங்கள் தம்பி ஒரு படத்துக்குள் வைத்துச் சொன்னான். அந்த அளவுக்கு உங்களை நம்பியிருக்கிறான்.

சரி, படத்தையும் பேசிவிடலாம். தொடரை நடத்திய சேனல் செய்தது அநியாயம் என்று நீங்கள் எழுதியது உண்மைதான். கதை தொடங்கும் எபிசோடை 2002 டிசம்பர் 20 அன்று கடைசியாகப் போட்டார்கள். 14-ல் 11-ஐ மட்டும் காட்டி நிறுத்தினார்கள். அப்புறம் டிவிடி நன்றாக விற்றது, ரசிகர்கள் விடவில்லை, 2005 செப்டம்பரில் படம் வந்தது. பாதியில் நின்ற கதைக்கு முடிவு கேட்டு வாங்கினார்கள். முடிவு வந்தால் அதில் சாவும் இருக்கும். போரில் தோற்ற கேப்டன், தோற்ற அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே கப்பலுக்கு வைத்திருக்கிறான். இவர்களுக்கு ஒரு கீறலும் படாமல் கதை முடிந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தம்பி பக்கம்தான் நான்.

நீங்கள் கேட்பது, எல்லாரும் உயிரோடு இருந்த இடத்திலேயே கதை நின்றிருக்க வேண்டும் என்று. தம்பியையும் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பை தூக்கிக்கொண்டு உள்ளே போனானே, அந்தப் பையனோடுதான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவனுக்கு என்னென்ன நடந்தது என்று ஏழு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

மூத்தவன் இறங்கிப் போவதா என்ற கேள்வியை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது. நம் ஊரில் வீட்டுக்கு மூத்தவன் என்றால், எல்லாரும் வந்தாச்சா என்று பார்த்த பிறகு கதவைச் சாத்துகிறவன். எனக்கு அதில் இன்றைக்கும் நம்பிக்கை உண்டு. உங்கள் வீட்டில் ஒருவன் இன்னும் வெளியே நிற்கிறான். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை 9 மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே ஆறரை. லோடு எடுக்கும் முன் பிடித்துவிடலாம், ஓட்டும்போது கூப்பிடாதீர்கள். முதலில் “சாப்பிட்டியா மக்கா” என்று கேளுங்கள். பிறகு, சிரித்தது தப்பு என்று சொல்லுங்கள், இதே வார்த்தையில். ராத்திரி எத்தனை மணி நேரம் ஓட்டுகிறான், எப்போது தூங்குகிறான், லீவு எப்போது கிடைக்கும், எல்லாம் கேளுங்கள். கம்பெனி டிக்கெட் தராவிட்டால் உங்கள் கடைப் பணத்தில் எடுங்கள். அம்மா கையால் வறுத்த நேந்திரங்காய் சிப்ஸை, ஊரிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர் யார் என்று விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்.

படத்தை அவனாக எடுத்தால் மட்டும் பேசுங்கள். இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். வாஷ் தன் சீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் டைனோசர் பொம்மைகளை வைத்திருப்பான். உங்கள் தம்பி ஸ்டியரிங்குக்கு முன்னால் என்ன வைத்திருக்கிறான்? கோட்டாறு சவேரியார் படமா, அம்மா போட்டோவா, வேறு எதுவுமா? அவன் சொல்லி முடிக்கும்வரை நடுவில் பேசாதீர்கள்.