வாசகர் கேள்வி: வளையாத நியூட்ரானுக்கு வழி அமைப்பது

கேள்வி: மூளைக் கட்டிக்குப் போரான் மருந்து ஏற்றி நியூட்ரான் பாய்ச்சுகிறார்களாம். மின்னூட்டமே இல்லாத நியூட்ரானைக் காந்தத்தால் வளைக்க முடியாதே, எப்படிக் கற்றையாக்குகிறார்கள்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வளைக்க வழியில்லைதான். வேகத்தைத் தணித்து, சிதறுவதைத் திருப்பி, வேண்டாததை உறிஞ்சித்தான் கற்றையாக்க வேண்டும். ஆற்றுநீரைத் தடுக்கும் மூலத்தறை ரெகுலேட்டரில் ஷட்டரை இறக்கினால் தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கும். நியூட்ரான் தேங்காது, உறிஞ்சியது போனதுதான். இந்த வேலையின் சிரமமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

போரான்-10 மெதுவான நியூட்ரானை விழுங்கி ஆல்ஃபா, லித்தியம் துகள்களாக உடையும். இரண்டும் 10 மைக்ரானுக்குள், ஏறக்குறைய ஒரு செல்லின் அகலத்துக்குள், நின்றுவிடும்; அதனால் போரான் ஏறிய செல்லே பெரும்பாலும் சேதமாகும். ஆனால் மெதுவான நியூட்ரானையே நேராக விட்டால் பெரும்பகுதி மேலோட்டமான திசுவிலேயே முடிந்துவிடும். அதனால் 0.5 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை உள்ள இடைநிலை நியூட்ரான்களை அனுப்புகிறார்கள். திசுவின் ஹைட்ரஜனில் மோதி அவை தணிந்து, மெதுவானவற்றின் எண்ணிக்கை 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் உச்சம் தொடும்.

முடுக்கி என்ற கருவியில் வேகமூட்டிய புரோட்டான்களை பெரிலியம் அல்லது லித்தியம் இலக்கில் மோதவிட்டு நியூட்ரான் எடுக்கலாம். லித்தியத்துக்கு 2.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் போதும். பிறக்கும் நியூட்ரானும் மிதமானது. ஆனால் 10 மில்லி ஆம்பியர் ஓடினால் 25 கிலோவாட் வெப்பம். லித்தியம் 180 டிகிரியிலேயே உருகும். குளிரூட்டல் தடுமாறினால் இலக்கு போச்சு.

அடுத்தது தணிப்பான், அதாவது நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருள். தண்ணீர் போதாதா என்று தோன்றும். ஒரே மோதலில் சராசரியாகப் பாதி ஆற்றலை ஹைட்ரஜன் பறிப்பதால் நியூட்ரான் தேவைக்கு மேல் தணிந்துவிடும். போதாக்குறைக்கு, அதை விழுங்கி 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரையும் கக்கும். மக்னீசியம் ஃபுளோரைடு, அல்லது அலுமினியம் ஃபுளோரைடு 69, அலுமினியம் 30, லித்தியம் ஃபுளோரைடு 1 சதவீதம் சேர்ந்த கலவைதான் பொருத்தம். வேகமானதை இவை மோதி மோதித் தணிக்கும், வேண்டிய ஆற்றல் நெடுக்கத்தில் உள்ளவற்றை அவ்வளவாகத் தடுக்காது.

சுற்றிலும் ஈயம் வைத்துச் சிதறலைத் திருப்புவார்கள். மிச்சமிருக்கும் மெதுவானவற்றுக்குக் காட்மியம் வைத்தால் காமா கிளம்பும். லித்தியம்-6 அந்தத் தொல்லை தராது. காமாவுக்குப் பிஸ்மத் தகடு. கற்றை வெளிவரும் வாய்ப்பகுதியைச் சுற்றி லித்தியம் கலந்த பாலிஎத்திலீன்.

சர்வதேச அணுசக்தி முகமை 2001இல் சொன்ன அளவுகோல், சதுர செ.மீ.க்கு விநாடிக்கு நூறு கோடி இடைநிலை நியூட்ரான். தணிப்பானைத் தடிமனாக்கினால் கற்றை சுத்தமாகும், எண்ணிக்கை சரியும், சிகிச்சை நீளும். அதற்குள் இரத்தத்தில் போரானின் அளவு குறைந்துவிடும். நோயாளியின் தலை கற்றை வெளிவரும் வாயை ஒட்டியே இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் கற்றை விரிந்து வீணாகும்.

கேள்வி: மாமாவுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. ஜப்பானில் இதற்கு அனுமதி இருக்கிறதாமே?
– வாசகர், நகரி

பதில்: 2020இல் அங்கே முடுக்கி வழிச் சிகிச்சைக்குக் கிடைத்த அனுமதி, அறுவைக்கு எட்டாத அல்லது திரும்பி வந்த தலை–கழுத்துப் புற்றுக்கு. மூளைக் கட்டிக்கு அல்ல. இதை நம்பி, இப்போது மருத்துவர் சொல்லும் அறுவையையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போட வேண்டாம்.